நிண்டது எது?

வீடியோ வெட்டி ஒட்டுகிற பிள்ளைகளே, போன கிழமை உங்களில் ஒருத்தி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். பெயர் சொல்லமாட்டேன், அவளுக்கே தெரியும். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கையைக் கழுவி ஓடிவந்து எடுத்தால் ஒரு வணக்கம் இல்லை, சுகமோ என்ற கேள்வி இல்லை.

"அக்கா, நிண்டுட்டுது!"

"எது பிள்ளை நிண்டது?"

"எல்லாம் நிண்டுட்டுது அக்கா!"

எல்லாம் நின்றுவிட்டால் நீ எப்படி என்னோடு கதைக்கிறாய் என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் அவளுக்குப் புத்தி தெளிந்தது. படம் மட்டும் நிற்கிறது, பாட்டு ஓடுகிறது, மவுஸ் அசைகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். சொல்லி முடிக்க முதலே பிழையைத் தானே கண்டுபிடித்துவிட்டாள். நான் குசினிக்குத் திரும்பிப் போனேன். அதற்குள் பூனை தன் பங்கை எடுத்திருந்தது.

அன்றைக்குத்தான் இதை உங்கள் எல்லோருக்குமாக எழுதிவைக்க வேண்டும் என்று பட்டது. எந்தப் பொத்தானை அமத்தினால் என்ன நடக்கும் என்பதெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். எனக்குக் கண்ணும் மங்கி, மணிக்கட்டும் நோகத் தொடங்கி, வேலையை விட்டுவிட்டு நாரந்தனையில் பூனையோடு சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் "நிண்டுட்டுது" என்ற இந்தச் சொல்லோடு நான் பட்ட பாடு வேறு யாருக்கும் தெரியாது. தயாவுக்குத் தெரியும். அவன் எழுதமாட்டான்.

தயா யாரென்று புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லவேண்டும். வேலணையில், வீதியோடு ஒட்டிய ஓர் அறையில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து கடை நடத்தினோம். அவன் கமரா பிடிப்பான், நான் வெட்டி ஒட்டுவேன். வேலை நெருக்கினால் அவனும் வெட்டுவான். அவன் வெட்டுகிற நாளில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன், ஒருமுறையும் முடிந்ததில்லை. கலியாணவீடு, பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, கோயில் திருவிழா, செத்தவீடு என்று யாழ்ப்பாணத் தீவுகளில் மனிதர் கூடுகிற எல்லாவற்றுக்கும் போனோம். சந்தோசமான வேலை அது. இப்போது நினைத்தாலும் அந்த அறையின் மணம் வருகிறது, சூடான கணினியும் தேத்தண்ணியும் கலந்த மணம்.

முதலில் எல்லோரையும் போல, வெட்டி ஒட்டுகிற மென்பொருளின் திருட்டுப் பிரதியில்தான் வேலை செய்தோம். ஒருநாள் அதோடு ஒட்டிக்கொண்டு வந்த வைரஸ் ஒரு கலியாணவீட்டை விழுங்கிவிட்டது. தாலி கட்டுகிற துண்டு மட்டும் தப்பியது, அதிலும் தாலியை ஐயரின் தோள் மறைத்துக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு கட்டற்ற மென்பொருளுக்கு மாறினோம். யாரும் எடுத்துப் பாவிக்கலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் திறந்து பார்க்கலாம், பிழை கண்டால் எழுதியவர்களுக்கே சொல்லலாம். "சும்மா தாற சாமானோ? அப்ப சும்மாதான் இருக்கும்" என்று கேலி செய்தவர்கள் உண்டு. சும்மா இருக்கவில்லை. அடிக்கடி நின்றது.

குறை சொல்லவும் முடியாது. எங்கள் கணினி பழையது. வருகிற படங்களோ புதியவை, ஒவ்வொருவர் கைத்தொலைபேசியிலும் ஒவ்வொரு விதமாக எடுத்தவை. ஒரு கிழவனின் முதுகில் ஊர்ச் சுமையை ஏற்றினால் அவன் நின்று மூச்சு வாங்கத்தானே செய்வான்.

தயாவுக்கு அந்த மூச்சு வாங்குகிற இடைவெளி பொறுக்காது. ஓடவில்லை என்றால் திரும்ப அமத்துவான். அப்போதும் ஓடவில்லை என்றால் இன்னும் வேகமாக அமத்துவான். குறிகாட்டுவான் துறையில் வள்ளம் பிந்தினால் சனம் என்ன செய்யும் என்று பார்த்திருப்பீர்கள். எல்லாரும் ஒன்றாய்ப் பாய்ந்து ஏறுவார்கள், ஏற ஏற வள்ளம் வெளிக்கிடாது. கணினியும் அப்படித்தான். நீங்கள் அமத்துகிற ஒவ்வொன்றும் அதற்கு ஒரு கட்டளை, ஒரு பயணி. நயினாதீவுத் தேர்த்திருவிழாப் படம் ஒன்றை அவன் இப்படித்தான் மூழ்கடித்தான். நின்றவுடன் மின்சாரப் பொத்தானைப் பிடித்து அமத்தினான். திரும்பத் திறந்தபோது, முந்திய வேலையை மீட்கவோ என்று மென்பொருள் மரியாதையாகக் கேட்டது. பழக்கத்தில் வேண்டாம் என்று அமத்திவிட்டான். தேர் இருப்பிடத்துக்கு வர முதலே போய்ச் சேர்ந்தது.

அதற்குப் பிறகு எங்கள் அறையில் ஒரு சட்டம் வந்தது. நின்றால் முதலில் கையை எடு. பிறகு, எது நின்றது என்று வாயால் சொல். படமோ, சத்தமோ, திரையில் ஓடுகிற மணிக்கூடோ, மவுஸோ, முழுக்கணினியோ. இந்தச் சட்டத்தை ஒரு கடுதாசியில் எழுதி சுவரில் ஒட்டினேன். தயா அதன்மேல் ஒரு சாமிப் படக் கலண்டரை மாட்டினான்.

இனி நான் சொல்ல வந்த கதை.

ஒரு நாள் ரொறன்ரோவிலிருந்து கௌரி என்ற பெண் கதைத்தாள். நெடுந்தீவில் பிறந்தவள், கலியாணம் கட்டிப் போய் ஊர் திரும்பாதவள். தகப்பன் காலமாகிவிட்டார். செத்தவீட்டுக்கும் அவளால் வர முடியவில்லை. முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அங்கே மண்டபம் எடுத்திருக்கிறார்கள், சொந்தக்காரர் எல்லாரும் வருவார்கள், அதில் போட ஒரு படம் செய்து தரவேண்டும் என்றாள். அப்படி எத்தனையோ செய்திருக்கிறோம். பழைய படங்களை அடுக்கி, ஒரு தேவாரம் போட்டு, பெயரும் திகதியும் எழுதிவிட்டால் முடிந்தது.

"போட்டோ எல்லாம் அனுப்புறன் அக்கா," என்றாள். "ஆனால் அப்பா அசையிறமாதிரி ஒரு துண்டு வேணும்."

"வீடியோக் கோல் கதைச்சிருப்பீர்தானே? அதிலை பதிஞ்சது ஒண்டும் இல்லையோ?"

"அதிலை அப்பாவின்ரை காது மட்டும்தான் அக்கா இருக்கு."

எனக்கு விளங்கவில்லை. பிறகு சொன்னாள். வீடியோவில் எடுத்தாலும் அந்த மனிதர் தொலைபேசியைக் காதில்தான் வைப்பாராம். முன்னுக்குப் பிடியுங்கோ அப்பா என்று இவள் கத்துவாள். கேட்கவேண்டுமென்றால் காதில்தானே வைக்கவேணும் என்று அவர் திருப்பிக் கத்துவார். வருசக்கணக்காகத் தகப்பனின் காதோடு கதைத்திருக்கிறாள். சொல்லும்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஒரேயொரு துண்டு இருந்தது. கௌரியின் ஒன்றுவிட்ட தங்கை பவானி விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது தன் தொலைபேசியில் எடுத்தது. எடுத்துச் சில வருசம், அவள் அதைக் கௌரிக்குக் காட்டியதும் இல்லை, தான் திரும்ப ஓடவிட்டுப் பார்த்ததும் இல்லை. "பெரியப்பா சும்மா நிக்கிறார் அக்கா, ஒண்டும் இல்லை அதிலை. பாவிக்கலாமெண்டால் பாவியுங்கோ" என்று நேராக எங்களுக்கே அனுப்பிவிட்டாள்.

நான் புகைப்படங்களைப் பாட்டுக்கு ஒத்து அடுக்கிவிட்டுத் தேத்தண்ணி போட எழும்பினேன். தயா கதிரையில் இருந்து அந்தத் துண்டை ஏற்றினான். படத்தை முழுத்திரைக்கு விரித்தான். வாசலில் யாரோ வந்து கதைத்துக்கொண்டிருந்தபடியால் சத்தத்தையும் நிற்பாட்டியிருந்தான். நான் தேத்தண்ணியோடு திரும்பி வரும்போது அவன் முகம் கறுத்திருந்தது.

"நிண்டுட்டுது அக்கா. அடிச்சு மூடிப்போட்டன்."

நான் அடுக்கிவைத்த படங்களில் பாதி போயிருந்தது. கலண்டருக்குப் பின்னால் இருந்த சட்டத்தை அவனுக்கு ஞாபகப்படுத்தினேன், ஊருக்கே கேட்கிற மாதிரி. அவன் திரும்பத் திறந்து, திரும்ப அந்தத் துண்டை ஓடவிட்டான்.

"பாருங்கோ. திரும்பவும் நிண்டுட்டுது."

பார்த்தேன். ஒரு கல்வேலி, வேலிக்கு முன்னால் ஒரு மனிதர். வெள்ளைச் சேட்டுக் கழுத்துவரை பூட்டி, இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி, கண் இமைக்காமல் நிற்கிறார். பக்கத்தில் ஒரு பசு. தயாவின் கை மறுபடி மூடுகிற பொத்தானுக்குப் போனது.

"தயா, கையை எடு. மாட்டின்ரை வாலைப் பார்."

வால் ஆடிக்கொண்டிருந்தது. ஈ ஒன்றை விரட்டி, ஓய்ந்து, திரும்ப ஆடியது. மென்பொருள் நிற்கவில்லை, படம் நிற்கவில்லை. நின்றது மனிதர்.

இரண்டு பேரும் கதிரையில் சாய்ந்து சிரித்தோம். நடந்தது என்னவென்று எங்களுக்கு உடனே விளங்கிவிட்டது, இந்த ஊரில் பிறந்த யாருக்கும் விளங்கும். பவானி "படம் எடுக்கிறன் பெரியப்பா" என்று சொல்லியிருப்பாள். போட்டோவும் படம், வீடியோவும் படம், கொட்டகையில் ஓடுவதும் படம். அவர் வயதுக்காரருக்குப் படம் எடுப்பதென்றால் நல்ல சேட்டுப் போட்டு, மூச்சை அடக்கி, நிமிர்ந்து நிற்பது. அவர் அவள் எடுத்து முடிப்பாள் என்று காத்துக்கொண்டு நிற்கிறார். அவள் அவர் ஏதாவது கதைப்பார் என்று காத்துக்கொண்டு பிடிக்கிறாள். பசுவுக்கு மட்டும்தான் வீடியோ என்று தெரிந்திருக்கிறது.

சிரித்து முடிய, மென்பொருள் உண்மையாகவே நின்றது.

இந்தமுறை மணிக்கூடும் ஓடவில்லை, மவுஸும் அசையவில்லை. மனிதர் நிற்கிறார், வாலும் அந்தரத்தில் நிற்கிறது. நாங்கள் கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தோம், வரவில்லை. திரும்பத் திறந்தோம். துண்டின் கடைசிப் பகுதியில், அதே இடத்தில், திரும்ப நின்றது. பாரம் குறைந்த நகல் செய்து பார்த்தோம். அலங்காரம் எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தோம். வேகத்துக்காகப் போட்டிருந்த உதவிகளை ஒவ்வொன்றாக நிற்பாட்டிப் பார்த்தோம். எதைச் செய்தாலும் அதே இடம். அந்த மென்பொருளைப் பாவிக்கிறவர்கள் கூடுகிற இணையத்தளத்தில் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நடந்ததை எழுதிப் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போனோம்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை அங்கே மண்டபம். வெள்ளி பொழுதுபட முதல் படத்தை அனுப்பியாகவேண்டும். நான் கடைக்கு வந்தபோது தயா எனக்கு முதலே வந்து வேலையைத் தொடங்கியிருந்தான்.

"அலுவலை முடிச்சிட்டன் அக்கா," என்றான். "அந்தத் துண்டைத் தூக்கிப்போட்டு, அதிலை இருந்து ஒரு ஸ்ரில் எடுத்துப் போட்டிருக்கிறன். பாருங்கோ, எண்ணெய் போட்டமாதிரி ஓடுது."

ஓடியது. ஒற்றைப் படத்தை நிறுத்தி வைத்துக் காட்டினால் கணினிக்கு ஒரு சுமையும் இல்லை. மனிதர் அப்படியே நின்றார், வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

"வால் ஆடேல்லை," என்றேன்.

"மாட்டின்ரை நினைவுநாளே அக்கா செய்யிறம்?"

"அந்தப் பிள்ளை கேட்டது அசையிற அப்பாவை."

"அந்த மனுசன் அசையேல்லையே! அசையாத மனுசனுக்கு வீடியோ என்னத்துக்கு? மண்டபத்திலை படம் நடுவிலை நிண்டால் என்ன செய்வியள்? எல்லாச் சனத்துக்கும் முன்னாலை அந்தப் பிள்ளை நிக்கிறதோ?"

பிள்ளைகளே, அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நீங்கள் இந்தத் தொழிலில் இருந்தால் இந்த இடத்துக்கு அடிக்கடி வருவீர்கள். நேரம் போய்க்கொண்டிருக்கும், பழுது பிடிபடாது, பக்கத்தில் ஒரு சுகமான குறுக்குவழி இருக்கும். அதில் போனால் யாருக்கும் தெரியவும் வராது. எனக்கும் அதில் போக ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று உறுத்தியது. இன்னும் அந்தத் துண்டைக் கடைசிவரை நாங்கள் ஒருவரும் பார்க்கவில்லை என்பதுதான் அது. முழுக்கப் பார்க்காத ஒன்றை ஒன்றும் இல்லாதது என்று எப்படிச் சொல்வது?

இணையத்தளத்தைத் திறந்தேன். ஒருவர் பதில் எழுதியிருந்தார். பெயர் இல்லை, சில எழுத்துகளும் இலக்கங்களும் மட்டும். எந்த நாட்டவர், ஆணோ பெண்ணோ, இன்றுவரை தெரியாது. அந்த மென்பொருளை எழுதுகிறவர்களில் ஒருவர் என்பது பிறகுதான் விளங்கியது. ஆனால் எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லித்தந்தவர் யார் என்று கேட்டால் அந்த எழுத்துகளையும் இலக்கங்களையும்தான் காட்டுவேன். இரண்டு வரிதான் எழுதியிருந்தார். சரியாக எந்த இடத்தில் நிற்கிறது? அந்த இடத்தைச் சுற்றி ஒரு சின்னத் துண்டை வெட்டி அனுப்ப முடியுமா?

"ஆரெண்டே தெரியாத ஆளுக்கு வெட்டி அனுப்பிக்கொண்டிருக்க இதென்ன நேரமோ?" என்றான் தயா.

நான் தயங்கியது வேறொன்றுக்கு. துண்டில் நிற்பது செத்துப்போன ஒருவர், இன்னொருத்தியின் தகப்பன். அவரை முகம் தெரியாத ஒருவருக்கு அனுப்ப நான் யார்? கௌரிக்கு எடுத்தேன். அங்கே நடுச்சாமம், ஆனால் உடனே எடுத்தாள். விசயத்தைச் சொன்னேன்.

"அனுப்புங்கோ அக்கா. அப்பா அதிலை என்ன செய்யிறார்?"

"நிக்கிறார் பிள்ளை."

"நிண்டு?"

"நிக்கிறார்."

"அது காணும் அக்கா, அவ்வளவு போதும்," என்றாள்.

தொலைபேசியை வைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த தயா மெல்லச் சொன்னான்: "நிக்கிறது காணுமெண்டால் ஸ்ரில்லும் காணும்தானே."

வெட்டி அனுப்புவதற்கு நிற்கிற இடம் சரியாகத் தெரியவேண்டும். ஆகவே அந்தத் துண்டை எங்கள் மென்பொருளுக்கு வெளியே, சாதாரணமாகப் படம் பார்க்கிற நிரலில் போட்டேன். சத்தத்தைக் கூட்டினேன். இழுத்து ஓட்டாமல், தொடக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டு இருந்தேன். தயாவும் வேறு வழியில்லாமல் பார்த்துக்கொண்டு இருந்தான்.

காற்றுச் சத்தம். எங்கோ ஒரு காகம். மனிதர் நிற்கிறார், நிற்கிறார், நிற்கிறார். வழக்கமாகத் துண்டு நின்றுபோகிற இடமும் வந்தது. அந்த நிரலில் அது நிற்காமல் தாண்டி ஓடியது.

தாண்டியவுடன் அவர் பெரிய மூச்சு ஒன்றை விட்டார். தோள் இறங்கியது.

"எடுத்தாச்சோ பிள்ளை?"

பவானியின் குரல் கமராவுக்குப் பின்னால் இருந்து வந்தது. "இல்லைப் பெரியப்பா, இன்னும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

"ஒரு படத்துக்கு இவ்வளவு நேரமே?"

"இது வீடியோ பெரியப்பா. நீங்கள் கதைக்கலாம், நடக்கலாம்."

"அட, முதலே சொல்லக்கூடாதே! நான் மூச்சையும் அடக்கிக்கொண்டெல்லோ நிண்டனான்!"

சிரித்தார். முன்பல் இல்லாத வாய் நிறையச் சிரித்தார். பசுவின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார், ஏதோ அதுவும் சேர்ந்து ஏமாந்தது போல. பிறகு கமராவை நோக்கி நடந்து வந்தார். "கௌரி, எனக்குக் கால் நோ ஒண்டும் இல்லை. நல்லா இருக்கிறன். யோசியாதை," என்று சொல்லிக்கொண்டே நொண்டி நொண்டி நடந்து வந்தார். கிட்ட வந்து, தொலைபேசியைப் பார்த்து, பழக்கத்தில் அதை வாங்கிக் காதில் வைக்கக் கையை நீட்டினார். திரை கறுத்தது.

தயா எழும்பி வாசலுக்குப் போய் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பி வந்து இருந்து, தான் போட்டிருந்த ஸ்ரில்லை அழித்தான். எனக்கு அழுகை அடங்க நேரம் எடுத்தது, அதை மறைக்கவும் இல்லை.

மூச்சு விடுகிற இடத்தைச் சுற்றிச் சின்னத் துண்டை வெட்டி அனுப்பினேன். பதில் வரும்வரை ஒன்றையும் அமத்தாமல் இருந்தோம். தயாவின் வாழ்க்கையிலேயே கடினமான காத்திருப்பு அதுதான். பதில் வந்தது. கைத்தொலைபேசி வினாடிக்கு இத்தனை படம் என்று ஒரே சீராகப் பிடிப்பதில்லை என்று அந்த முகம் தெரியாதவர் எழுதியிருந்தார். துண்டில் மனிதர் அசையத் தொடங்குகிற அந்த இடத்தில் சீர் சட்டென்று மாறியிருக்கிறது, எங்கள் மென்பொருள் எண்ணிக்கை தவறி நின்றிருக்கிறது, பிழை தங்களுடையது, திருத்துவோம். அதுவரைக்கும் துண்டை முதலில் ஒரே சீருக்கு மாற்றிவிட்டுப் பிறகு ஏற்றுங்கள். எப்படி மாற்றுவதென்றும் எழுதியிருந்தார். இதெல்லாம் இன்று உங்களுக்குப் பாலபாடம். எங்களுக்கு அன்று அது அருள்வாக்கு.

மாற்றினோம், ஏற்றினோம். மனிதர் நின்றார், மூச்சு விட்டார், கேட்டார், நடந்தார். எங்கள் கடையில் இணையம் ஆமை வேகம் என்றபடியால் தயா மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மோட்டார்சைக்கிளில் மண்கும்பான் கடற்கரைக்கு ஓடினான். அங்கே நன்றாக இழுக்கும். மணலில் இருந்து, படம் முழுக்க ஏறி முடியும்வரை அதைக் காவல் காத்தான். நல்லவேளை, அமத்திப் பார்க்க அங்கே வேறு பொத்தான் இருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கௌரி எடுத்தாள்.

"ஆக்கள் எல்லாம் சிரிச்சவை அக்கா. நினைவுநாளிலை மண்டபம் முழுக்கச் சிரிச்சுது. அப்பாவே சிரிக்கிறார், பிறகு ஆர் சிரிக்காமல் இருக்கிறது?" என்றாள். பிறகு, "அவருக்குக் கால் ஏலாது எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை அக்கா," என்று அழத் தொடங்கினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அழுது முடித்துவிட்டு அவளே சொன்னாள்: "இவ்வளவு நாளும் காதைத்தான் பாத்தனான். இப்பதான் நடக்கிறதைப் பாத்தனான். நொண்டினாலும் பரவாயில்லை."

இதோடு கதை முடிந்தது என்றுதான் நானும் தயாவும் நினைத்திருந்தோம். சில நாள் கழித்து அந்த முகம் தெரியாதவர் திரும்ப எழுதினார். பிழையைத் திருத்தியாயிற்று என்று சொல்லிவிட்டு, ஒரு கேள்வி கேட்டிருந்தார். இந்தத் துண்டைப் பல தடவை ஓடவிட்டுப் பார்த்தாராம், அந்த மனிதர் மூச்சு விட்டு ஏதோ கேட்பது இப்போது தனக்கு மனப்பாடமாம், ஆனால் பொருள் தெரியவில்லையாம். அவர் என்ன கேட்கிறார்?

எழுதினேன். படம் என்ற சொல்லைப் பற்றியும் எழுதினேன், காதைப் பற்றியும் எழுதினேன். என் ஆங்கிலத்தில் அது எப்படிப் போய்ச் சேர்ந்ததோ தெரியாது. அடுத்த பதிலில் ஒரு விண்ணப்பம் வந்தது. அவர்கள் மென்பொருளைப் புதுப்பிக்கிற ஒவ்வொரு முறையும், முன்பு திருத்திய பிழை திரும்பி வந்துவிட்டதோ என்று பார்க்கச் சில துண்டுகளை ஓடவிட்டுப் பார்ப்பார்களாம். அவற்றோடு இதையும் சேர்த்துவைக்கலாமா, குடும்பத்தைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றிருந்தது.

கௌரியைக் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை.

"அப்பா யாழ்ப்பாண ஆஸ்பத்திரியைத் தவிர நெடுந்தீவை விட்டு எங்கை அக்கா வெளிக்கிட்டவர்? போகட்டும். உலகம் முழுக்கப் போகட்டும்."

ஆகவே, பிள்ளைகளே, உங்கள் திரையில் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்ற அறிவிப்பு வரும்போது சலித்துக்கொள்ளாதீர்கள். அது உங்கள் கைக்கு வர முதல், எந்த நாட்டிலோ ஒரு கணினியில் நெடுந்தீவுக் கல்வேலிக்கு முன்னால் ஒரு மனிதர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். பக்கத்தில் ஒரு வால் ஆடியிருக்கிறது. அவர் அதோடு நின்றுவிட்டால் எங்கோ பிழை, திரும்பப் போய்த் திருத்துவார்கள். மூச்சை விட்டுக் கேட்டுவிட்டார் என்றால் எல்லாம் சரி, மென்பொருள் உங்களிடம் வரும். அந்தக் கணினிக்கும் தமிழ் தெரியாது, பார்த்துக்கொண்டிருப்பவருக்கும் தெரியாது. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் அவர் கேட்கிறார், எடுத்தாச்சோ பிள்ளை என்று. ஒவ்வொரு முறையும் பவானியின் குரல் அவருக்கு மறுமொழி சொல்கிறது.

"இல்லைப் பெரியப்பா, இன்னும் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறன்."